கூட்டிய குப்பையைத் திரும்பக் கொட்டிய நாள்

இந்த வேலைக்கு வந்த முதல் நாளே உங்களுக்கு ஒரு சோடி கையுறை தந்திருப்பார்கள். நல்லது, போட்டுக்கொள்ளுங்கள். போட்டதும் இரண்டு கைகளையும் ஜக்கெற் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டு தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எதையும் தொடக்கூடாது, எதையும் பிடுங்கக்கூடாது, காலால் தட்டியும் பார்க்கக்கூடாது. கிழவன் சம்பளத்துக்குச் சும்மா நிற்கச் சொல்லித் தருகிறான் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஏப்ரல் மாதத்தில் இந்த மொன்றியலில் ஒரு தோட்டக்காரன் செய்யக்கூடிய மிகக் கடினமான வேலை அதுதான்.

இதை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. லாசால் பகுதியில் தொடர்மாடிகளின் தோட்டங்களைப் பார்க்கும் வேலையில் சேர்ந்த புதிதில், கையுறையை மெற்றோவில் விட்டுவிட்டு வந்து நின்றேன். குளிர் கடித்தது. கையை வெளியே எடுக்க முடியாததால் வேலை செய்ய முடியவில்லை. வேலை செய்ய முடியாததால் பார்த்துக்கொண்டு நின்றேன். தெற்குப் பக்கச் சுவரடியில் மட்டும் பனி கரைந்திருந்தது. அங்கே நின்ற வில்லோ செடியின் பஞ்சு மொட்டில், உடம்பெல்லாம் உரோமம் போர்த்த ஒரு பெரிய தேனீ தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றடி தள்ளி அழுக்குப் பனி குவிந்து கிடக்கிறது, இவளோ மகரந்தம் தின்கிறாள்! எனக்கு அன்றைக்கு வந்த சந்தோசத்தை என்னவென்று சொல்வது? குளிர்காலம் முடிந்துவிட்டதாக வானொலி சொன்னால் நான் இன்றுவரை நம்புவதில்லை. இவள் சொன்னால் நம்புவேன்.

பம்பிள்பீ என்று உங்கள் பிள்ளைகள் சொல்லும் பெருந்தேனீ அது. அதைத் தேடுவதற்குப் பூவைப் பார்க்காதீர்கள், நிலத்தைப் பாருங்கள். முழங்கால் உயரத்துக்கும் கீழே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வளைந்து வளைந்து பறந்து, எலி வளை, கல்லிடுக்கு, புல் பற்றை என்று ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வருவாள். வந்த புதிதில் வாடகைக்கு வீடு தேடி இந்த ஊரில் படியேறி இறங்கியவர்களுக்கு அந்தப் பறப்பைப் பார்த்ததும் விளங்கிவிடும். அவள் வீடு தேடுகிறாள். போன வருடத்துக் கூட்டில் இருந்த மற்ற எல்லோரும் இலையுதிர் காலத்தோடு செத்துப்போனார்கள். இவளைப்போன்ற இளம் ராணிகள் மட்டும்தான் இலைகளுக்குக் கீழே, விரலளவு மண்ணுக்குள் படுத்துக் குளிர்காலத்தைக் கடந்தவர்கள். வரப்போகும் கோடையின் முழுக் கூடும் இவள் வயிற்றுக்குள் இருக்கிறது. ஆகவே வேறு எந்த மாதத்திலும் சொல்லுங்கள், ஏப்ரலில் மட்டும் "ஒரு பூச்சிதானே" என்று சொல்லாதீர்கள்.

இனிக் கதைக்கு வருகிறேன்.

லாசாலில் நான் கடைசியாக வேலை பார்த்த தொடர்மாடியின் பின்முற்றத்தில் ஒரு புளிப்புச் செரி மரம் நிற்கிறது. அதை நட்டவர் கீழ்த்தளத்தில் இருக்கும் பிலோமினா அக்கா. மன்னாரிலிருந்து வந்தவர். தையல் தொழிற்சாலையில் காலமெல்லாம் மெசினோடு மாரடித்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுச் சமையலறை யன்னலைத் திறந்தால் மரம் கைக்கு எட்டும். ஒரு காலத்தில் நன்றாகக் காய்த்த மரம்தான். பிறகு தோட்டத் துப்புரவை ஒரு கொம்பனியிடம் கொடுத்தார்கள். அவர்கள் ஒவ்வொரு ஏப்ரலும் புளோவர் மெசினோடு வந்து, ஒரு சருகு மிஞ்சாமல் ஊதி, மொட்டந்தலைபோல நிலத்தை வழித்துவிட்டுப் போவார்கள். மரம் மே மாதத்தில் வெள்ளை வெளேரென்று பூக்கும். ஆடியில் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பழங்கள் தொங்கும்.

தோட்டம் என் பொறுப்புக்கு வந்தபோது மனேச்சர் என்னைக் கூப்பிட்டார். அவர் ஒரு கியூபெக் பெண்மணி. கெட்டவர் இல்லை, ஆனால் நிற்கும்போதே பாதி உடம்பு அடுத்த வேலைக்குப் போயிருக்கும். மரம் காய்க்கவில்லை, இடத்தை அடைக்கிறது, சைக்கிள் கொட்டகை போட இடம் தேவை என்றார். ஒரு வருடம் தாருங்கள் என்று கெஞ்சினேன். வருகிற கோடையில் பழம் இருந்தால் மரம் இருக்கும், இல்லாவிட்டால் கொட்டகை என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

இதைப் பிலோமினா அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் அழவில்லை. மரத்தைப் பார்த்துக்கொண்டே என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னார்:

"குணம், எத்தினை வருசம் இஞ்சை இருந்திட்டன். இந்த நாட்டிலை நான் நட்டது இது ஒண்டுதான்."

செரி பூக்கும் நாட்களில் இங்கே குளிரும் மழையும் விடாது. பெட்டியில் வளர்க்கும் தேனீக்கள் அந்தக் குளிருக்கு வெளியே தலை காட்டாது. உரோமக் கோட்டுப் போட்ட இந்த ராணிகள்தான் பூவுக்கு வந்து காய் பிடிக்க வைப்பார்கள். இதை அக்காவுக்கு விளக்கிச் சொல்லி, இலையுதிர் காலத்தில் விழுந்த இலைகளைப் பின்முற்றத்தில் அப்படியே விட்டேன். பனி விழுந்து மூடியது. நானும் அக்காவும் சித்திரை வரட்டும் என்று காத்திருந்தோம். வேறு யாருக்கும் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

பனி கரைந்தது. வருடப்பிறப்புக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. நான் சனி இரவு ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்ட்டில் தங்கச்சி வீட்டில் தங்கியிருந்தேன். பிலோமினா அக்கா காலைப் பூசைக்குப் போய்விட்டார். விசயம் தெரிந்த இரண்டு பேரும் இல்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் தொடர்மாடிச் சனத்தின் வாட்ஸப் குழுவில் நடராசா அண்ணை ஒரு செய்தி போட்டிருக்கிறார். மூன்றாம் மாடிக்காரர். வருடப்பிறப்பு, பொங்கல், கல்யாண வீடு, செத்த வீடு எல்லாவற்றுக்கும் எங்கள் கட்டடத்தில் முன்னுக்கு நிற்பவர். செய்தி இதுதான்: "குணத்துக்கு முழங்கால் ஏலாது. முத்தம் குப்பையாக் கிடக்கு. வருசம் பிறக்கேக்கை இப்பிடிக் கிடக்கலாமோ? எல்லாரும் வாங்கோ."

எங்கள் சனத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? வருடப்பிறப்புக்கு முதல் வீட்டைக் கழுவி, முற்றத்தைக் கூட்டாவிட்டால் நித்திரை வராத ஆட்கள். சேலை உடுத்தவரும் வந்தார், கழுத்தில் ரை கட்டிக் கந்தோருக்குப் போகிறவரும் வந்தார். றேக், தும்புத்தடி, பனி அள்ளும் சவள் எல்லாம் வந்தன. எனக்கு முழங்கால் நோவு இருந்தது உண்மைதான். என்மேல் வைத்த அன்பில் வந்தார்கள் என்பதை மறக்காமல் மிச்சக் கதையைக் கேளுங்கள்.

மத்தியானம் பஸ்ஸால் இறங்கி வந்து பின்பக்கம் போனேன். நிலம் பளிங்குபோலக் கிடந்தது. தும்புத்தடியின் கோடுகள் வரிவரியாக விழுந்திருந்தன. இலைகள் எல்லாம் கடதாசிப் பைகளில் அடைக்கப்பட்டு, சிவாவின் வானுக்குள் ஏறியிருந்தன. சிவா துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டுகிறவன், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத பொடியன். நடராசா அண்ணை வேர்க்க விறுவிறுக்க, முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"எப்பிடி வேலை? வாயைத் திறந்து சொல்லுமன், குணம்!"

எனக்கு உச்சந்தலை கொதித்தது. நான் சாந்தமான ஆள் என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் அவர் என்னோடு வேலை செய்யாதவர். அந்தத் தும்புத்தடியைப் பறித்து முறித்து எறியலாம் என்றுகூட இருந்தது. பழக்கம்தான் என்னைக் காப்பாற்றியது. கைகள் தாமாகப் பொக்கற்றுக்குள் போயின. அப்படியே நின்று மூச்சு விட்டேன். அன்றிரவு உறைகுளிர் வரும் என்று காலநிலை அறிக்கை சொல்லியிருந்தது. மண்ணுக்கு மேல் போர்வை இல்லை. போர்வையோடு சேர்த்து அள்ளுப்பட்ட ராணிகள் எத்தனை பேர் அந்த வானுக்குள் இருக்கிறார்களோ தெரியாது. ஆனால் இந்தச் சனத்தை இன்றைக்கு ஏசினால் நாளைக்கு இந்தத் தோட்டத்துக்காக என்னோடு நிற்க ஒருவரும் வரமாட்டார்கள்.

"அண்ணை, எக்கோசென்ரர்க் குப்பைக் கிடங்கு பூட்ட முதல் கொண்டுபோய்க் கொட்டிப்போட்டு ஓடியாறன்" என்று சிவா வானில் ஏறினான்.

"சிவா, கொஞ்சம் பொறு. வான் திறப்பை எடுத்துக்கொண்டு இறங்கு."

"ஏன் அண்ணை, இன்னும் குப்பை கிடக்கோ?"

நான் பதில் சொல்ல முதல் நடராசா அண்ணை கத்தினார்:

"குளவி! தள்ளி நில்லுங்கோ, குளவி!"

கூட்டிய நிலத்தின் நடுவில், மஞ்சளும் கறுப்புமாக ஒன்று மல்லாந்து கிடந்தது. அண்ணை சப்பாத்துக் காலைத் தூக்கிவிட்டார். நான் வாய் திறக்கும் முன் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணை! மிதியாதேங்கோ! அது என்ரை ஆள்!"

பூசைக்கு உடுத்த சேலைக்கு மேல் குளிர்கோட்டும், கையில் செபப் புத்தகமுமாகப் பிலோமினா அக்கா வாசலில் நின்றார். நடராசா அண்ணை ஒற்றைக் காலில் நின்றபடியே திரும்பிப் பார்த்தார். எங்கள் கட்டடத்தில் அவரை அப்படி அதட்டிய ஆள் அதுவரை கிடையாது.

நான் ஒரு கடதாசி மட்டையை மெல்ல அதன் கீழே செருகித் தூக்கினேன். எல்லோரும் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"செத்துப்போச்சு" என்றான் சிவா.

"செத்ததோ இல்லையோ எண்டு வயித்தைப் பாத்துச் சொல்லு" என்றேன்.

இதை நீங்களும் நினைவில் வையுங்கள். குளிரில் விறைத்த தேனீ கால் அசைக்காது, சிறகும் அசைக்காது. வயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மட்டும், உயிர் இருந்தால், அது மெல்ல ஏறி இறங்குவது தெரியும். இத்தனை பேரும் பேச்சை நிறுத்தி ஒரு பூச்சியின் வயிற்றைப் பார்த்தோம். எனக்கே நம்பிக்கை போகத் தொடங்கிய நேரம் அக்கா சொன்னார்:

"மூச்சு விடுறா."

நடராசா அண்ணை மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக் குனிந்தார். "ஓம்! விடுறாதான்!"

சிவா மேலே ஓடிப்போய்ச் சீனியும் சுடுதண்ணீரும் கொண்டுவந்தான். தேன் கொடுக்கக்கூடாது, அதனோடு நோய் வரலாம். வெள்ளைச் சீனியைத் தண்ணீரில் கரைத்து, ஆறவிட்டு, போத்தல் மூடியில் ஒரு சொட்டு விட்டு, மட்டையில் அவள் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். வெயில் படும் சுவரடியில் மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டு நிற்பதுதான். எங்கள் சனம் கோயிலில்கூட அப்படிப் பேசாமல் நின்று நான் கண்டதில்லை.

முதலில் ஒரு கால். பிறகு மயிர் போன்ற நாக்கு நீண்டு சொட்டைத் தொட்டது. குடிக்கத் தொடங்கினாள்! குடித்து முடித்ததும் உடம்பு நடுங்கியது. பயந்துவிடாதீர்கள், அது குளிரால் வரும் நடுக்கம் இல்லை. பறப்பதற்கு முன் தன் உடம்பைத் தானே சூடாக்குகிறாள். மெல்லிய இரைச்சல் ஒன்று எழும்பி, வரவரக் கூடியது.

"மெசின் ஓடத் தொடங்கிட்டுது" என்றார் அக்கா. தையல் மெசினோடு வாழ்ந்தவருக்கு அந்தச் சத்தம் தெரியாதா?

ராணி எழும்பினாள். நடராசா அண்ணையின் தலையைச் சுற்றி ஒரு வளையம் போட்டாள், அவர் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டார். பிறகு செரி மரத்தைத் தாண்டி, வேலியோரம் நின்ற வில்லோவுக்குப் போனாள். சனம் கைதட்டியது. சிவா விசில் அடித்தான்.

அப்போதுதான் நான் சொன்னேன். மரத்தின் கதையையும், மனேச்சர் வைத்த கெடுவையும், இலைக்குக் கீழே யார் படுத்திருந்தார்கள் என்பதையும் சொன்னேன். இன்னும் பலபேர் அந்தப் பைகளுக்குள் இருக்கலாம் என்றும் சொன்னேன். ஒருவரையும் குறை சொல்லத் தேவை இருக்கவில்லை, பாதி வேலையை ராணியே முடித்துவிட்டுப் போயிருந்தாள்.

நடராசா அண்ணைக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"எல்லாம் சரி, குணம். அதுக்காக வருசம் பிறக்கேக்கை முத்தத்திலை குப்பை கொட்டுறதோ? வாற சனம் என்ன சொல்லும்?"

நியாயமான கேள்வி. இந்தத் தொழிலில் மண்ணோடு வரும் பிரச்சினையைவிட மனிதரோடு வரும் பிரச்சினைகள்தான் கூட. இரண்டு பக்கமும் உண்மை இருக்கும்போது நடுவில் ஒரு கோடு போடத் தெரிய வேண்டும்.

"அண்ணை, முன்முத்தம் உங்கடை. ஒரு சருகு கிடக்கவிடாமல் கூட்டுங்கோ, கோலம் போடுங்கோ. பின்பக்கம் அவையின்ரை. அவை எழும்புமட்டும் விடுவம். பேந்து நானே கூட்டித் தாறன்."

அவர் யோசித்தார். அதற்குள் பிலோமினா அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வானிலிருந்து ஒரு பையை இழுத்து, மரத்தடியில் மெல்லச் சரித்துக் கொட்டினார். அடுத்து சிவா. பிறகு எல்லோரும். அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வருடப்பிறப்புக்கு முதல், வருடம் முழுக்கக் கூட்டிப் பழகிய சனம், கூட்டிய குப்பையைத் திரும்ப முற்றத்தில் கொட்டுகிறது! எதிர்க் கட்டடத்துப் பல்கனியில் நின்ற ஒருவர் கோப்பியைக் குடிக்க மறந்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பைகளுக்குள் இன்னும் சில ராணிகள் அகப்பட்டார்கள். அவர்களை மண்ணைக் கிளறி, இலையோடு சேர்த்துப் படுக்க வைத்தோம். தவறிப்போனவர்களும் இருந்திருப்பார்கள்.

நடராசா அண்ணை கடைசியாக வந்தார். இலையைக் கொட்டவில்லை. பின்பக்கம் கிடந்த உடைந்த செங்கல்களைப் பொறுக்கி, இலைப் படுக்கையைச் சுற்றி நூல் பிடித்ததுபோல வரிசையாக அடுக்கினார். அவருக்கு அது இல்லாமல் ஏலாது. மறுநாள் மனேச்சர் வந்தார். பின்பக்கத்தைப் பார்த்ததும் நெற்றி சுருங்கியது, செங்கல் வரிசையைப் பார்த்ததும் விரிந்தது. "ஓ, இது திட்டம் போட்டுச் செய்ததோ?" என்று பிரெஞ்சில் கேட்டார். "உய், மதாம்" என்று நானும் ஓம் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். நான் இத்தனை வருடத்தில் கண்டுபிடிக்காத வித்தை அது. காடாக விடுங்கள், விளிம்பை மட்டும் நேராக வையுங்கள். ஆட்கள் அதைத் தோட்டம் என்று மதிப்பார்கள். இன்னொன்று: நாங்கள் ஒரு வேலையைச் செய்யாமல் விட்டால், ஏன் விட்டோம் என்று ஊருக்கே சொல்லிவிட வேண்டும். செய்த வேலை தானாகத் தெரியும், செய்யாமல் விட்டது சோம்பலாகத்தான் தெரியும்.

மே மாதம் மரம் பூத்தது. பூத்த அன்றே மழையும் தொடங்கியது. காற்று வேறு. அக்கா சமையலறை யன்னலை விட்டு அசையவில்லை. கறி அடிப்பிடித்த மணம் பின்முற்றம் வரை வந்தது. நான் பொக்கற்றுக்குள் கையை விட்டுக்கொண்டு மரத்தடியில் நின்றேன். பூக்கள் நனைந்து தொங்கின, ஒரு இரைச்சலும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. கொட்டகைக்கு இடம் அளக்க ஆள் வந்தால் அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அதற்கடுத்த நாள் மழை கொஞ்சம் விட்டது. குளிர் விடவில்லை. நான் மற்றக் கட்டடத்தில் நின்றேன். வாட்ஸப் குழுவில் பிலோமினா அக்காவின் குரல் செய்தி ஒன்று விழுந்தது. அதில் அவர் பேசவே இல்லை. வெறும் இரைச்சல். கொஞ்ச நேரம் கழித்து, மிக மெல்ல, "வந்திட்டினம்" என்றார். அந்தச் செய்திக்குக் கீழே நடராசா அண்ணை ஒரு கும்பிடு படம் போட்டிருந்தார்.

ஆடியில் கிளைகள் வளைந்தன. அக்கா மாடி மாடியாக ஏறி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிண்ணம் செரிப்பழம் கொடுத்தார். மனேச்சருக்கும் கொடுத்தார். அவர் ஒன்றை வாயில் போட்டு, புளிப்பில் ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணால் மரத்தைப் பார்த்தார். சைக்கிள் கொட்டகை முன்பக்கம் குப்பைத் தொட்டிகளுக்கு அருகில் வந்தது. இன்னொரு கிண்ணம் கிடைக்குமா என்று அவர் கேட்டதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு நாள் பிலோமினா அக்கா மரத்தடியில் முழங்காலில் இருந்தார். பக்கத்தில் ஒரு பை நிறையக் குறோக்கஸ் கிழங்குகள். பனி கரைய முதலே மண்ணைப் பிளந்துகொண்டு பூக்கும் ஊதாப் பூ அது.

"என்னக்கா செய்யிறியள்?"

"நடுறன்" என்றார், தலை நிமிராமல். "அவை எழும்பேக்கை பசியோடையல்லோ எழும்புவினம்."

நான் ஓய்வு பெற்று அங்கிருந்து போன பிறகும் வருடப்பிறப்புக்கு அங்கே போகிறேன். இந்த வருடமும் போனேன். முன்முற்றத்தில் ஒரு சருகு இல்லை, கோலம் போட்டிருந்தது. நடராசா அண்ணை வேட்டிக்கு மேல் குளிர்கோட்டுப் போட்டுக்கொண்டு, வந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். அவருடைய மருமகன் புரோசார்ட்டிலிருந்து புதுச் சட்டையோடு வந்தவர், கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சத்தமாகக் கேட்டார்:

"என்ன மாமா, வருசமும் அதுவுமா பின்பக்கம் கூட்டேல்லையோ?"

நடராசா அண்ணை இரண்டு கைகளையும் கோட்டுப் பொக்கற்றுக்குள் விட்டார்.

"மெல்லக் கதையும்" என்றார். "அங்கை ஆக்கள் படுத்திருக்கினம்."